பேய்க்குச் சுடுதண்ணி

மதியம் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் அப்பா சிரித்தார். அவர் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அந்தப் பேய்ச்சிரிப்பு யாருடையது என்று எனக்குத் தெரியாதா? சிரிப்பு முடிகிற இடத்தில் வழக்கம்போல ஓர் இருமல்.

அப்பா கடைசிவரை பேய்ப்படங்களில்தான் நடித்தார். அந்த இருமல் மட்டும் நடிப்பு இல்லை, இழுப்பு. டப்பிங்கில் அதை வெட்டப் போனபோது, அதுதான் பயமாக இருக்கிறதென்று டைரக்டர் விட்டுவிட்டாராம்.

படம் வந்த மறுநாள் காலையில், வைத்திக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் தாய்மார்கள் வந்து நிற்பார்கள், ராத்திரி முழுக்கத் தூங்காத பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு. அப்பா கைலியும் கழுத்தில் மப்ளருமாக, தைல வாசனையோடு, கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா பிள்ளையிடம் டம்ளரை நீட்டுவாள்.

"போ கண்ணு. பேய்க்குச் சளி புடிச்சிருக்கு, சுடுதண்ணி குடு."

பிள்ளையின் கையிலிருந்து அதை இரண்டு கையாலும் வாங்கி அப்பா குடிப்பார். காலி டம்ளரோடு பிள்ளை சிரித்துக்கொண்டே திரும்பும்.

இன்று மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் சின்னவள் பயந்து அழுதாள்.

"அது எங்கப்பாடி. இருமுனாரு, கேட்டியா? பாவம், சுடுதண்ணி குடிச்சா சரியாப் போயிடும்" என்றேன்.

அழுகை நின்றது. உள்ளே ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் என் வாசலில் வந்து நின்றாள், டம்ளரைக் கவனமாகப் பிடித்துக்கொண்டு.

"உங்கப்பாவுக்கு."

இரண்டு கையாலும் வாங்கி, நானே குடித்தேன்.