கச்சிமுகம்மது ஏற்றுக்கொண்ட குற்றம்

கேள்வி கேட்டுப் பிழைப்பவன் நான். அதனால் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு என்னையே கேள்வி கேட்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அப்படி என்னைத் துளைத்தெடுத்தவர்களில் முதலிடம் கல்முனை றஹீமாவுக்கு. அவள் பள்ளிக்கூடம் போனது கொஞ்சக் காலம். கடைத்தெருப் பக்கம் தனியாக வந்ததும் குறைவு. ஆனால் ஒரு விஷயம் விளங்கவில்லையென்றால் விளங்கும்வரை விடமாட்டாள். அவளுடைய உம்மாவே, "இவளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளையும் ஐயா" என்று பிற்பாடு என்னிடம் சொல்லியிருக்கிறார்.

காரைதீவிலிருந்து தினமும் சைக்கிளில் கல்முனைக்கு வந்து, கடைத்தெரு மாடியில் ஒரு சிறிய அறையில் நான் தொழில் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. சூறாவளி அடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தலையில்லாத தென்னைகள் இன்னும் கரையோரம் முழுக்க நின்றன. சட்டத்தில் வக்கீல்கள் எங்கள் எல்லோருக்கும் சட்டத்தரணி என்று ஒரே பெயர் வந்துவிட்டது. ஊரில் மட்டும் நான் அப்புக்காத்து அருளம்பலம்தான்.

றஹீமா தன் மூத்த சகோதரன் இப்றாஹிமோடு வந்தாள். கதைப்பதற்காகத்தான் அவரைக் கூட்டி வந்திருக்கிறாள். அவரும் தொண்டையைச் செருமி, "ஐயா, விசயம் என்னண்டா" என்று ஆரம்பித்தார். அதற்குமேல் அன்றைக்கு அவருக்கு வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை.

"என்ட மனிசனுக்கு ஒரு வருசம் மறியல் குடுத்து உள்ள போட்டுட்டாங்க ஐயா. ரெண்டு மாடு களவெடுத்தாராம். அவர் எடுக்கல்ல" என்றாள் றஹீமா.

"சாட்சி ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல. இவரே ஓம் எண்டு ஏத்துக்கிட்டார்."

நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். குற்றமில்லை என்று வாதாடித் தோற்றவன் மேன்முறையீடு செய்யலாம். குற்றத்தைத் தானே ஏற்றுக்கொண்டவனுக்கு அந்தக் கதவு சாத்திவிடும். தண்டனை கூடிப்போயிற்று என்று வேண்டுமானால் முறையிடலாம். இதைப் பொறுமையாகவே விளக்கினேன்.

"செய்யல்ல எண்டு நிண்டவனுக்கு அப்பீல் இரிக்கி. ஓம் எண்டவனுக்கு இல்ல. ஏன் ஐயா?"

"அவனே ஓம் எண்டு சொல்லிட்டானே, தங்கச்சி!"

"ஓம் எண்டு ஒரு மனிசன் சொன்னா, அது மெய்தானா எண்டு மறுகா பாக்க மாட்டாங்களா?"

எனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்து நின்றது. ஆனால் அவர்கள் படியிறங்கிப் போன பிறகு வேலை ஓடவில்லை. செய்யாத களவை ஒரு மனிதன் ஏன் ஏற்றுக்கொள்ள வேண்டும்? அடித்தார்களா என்று கேட்டிருந்தேன். இல்லை என்றாள். பயமுறுத்தினார்களா? இல்லை. வேறு யாரையாவது காப்பாற்றினாரா? அப்படி ஒருவரும் இல்லை. ஆட்கள் குற்றத்தை மறுப்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவன் நான். வலிய ஏற்றுக்கொண்ட ஒருவரை நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது. மட்டக்களப்பு மறியலுக்குப் போவோம் என்று மறுநாளே சொல்லி அனுப்பினேன்.

பஸ்ஸில் போகும்போது நடந்ததை றஹீமா சொன்னாள். அவள் கணவர் கச்சிமுகம்மதுவுக்கு வயல் இறக்காமம் பக்கத்தில். போகம் தொடங்கினால் வீட்டுக்கு வருவது குறைவு. வயலில் போட்ட வாடிக்குடிசையில்தான் படுக்கை. கதிர் முற்றும் நேரத்தில் இரண்டு எருதுகள் வேலியைப் பிரித்துக்கொண்டு இறங்கி, வரம்போரமாக ஒரு துண்டைத் தின்று தீர்த்துவிட்டன. அவர் அவற்றைப் பிடித்து வாடிக்குப் பின்னால் மரநிழலில் கட்டினார். தண்ணீரும் காட்டினார். சொந்தக்காரன் வந்து நட்டத்தைப் பேசித் தீர்த்து மாட்டை அவிழ்த்துப் போவதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். சொந்தக்காரருக்குச் சொல்லச் சொல்லி ஆளும் அனுப்பினார். சொல்லப் போனவன் வழியில் வேறு அலுவலாகிச் சொல்லாமலே இருந்துவிட்டான்.

எருதுகளின் சொந்தக்காரர் சீனிமுகம்மது. சூறாவளியில் அவருடைய பட்டியில் பாதி செத்துப்போனது. மிஞ்சியதில் இரண்டைக் காணவில்லை என்றால் மனிதர் சும்மா இருப்பாரா? காடு மேடெல்லாம் தேடிவிட்டுப் பொலிசுக்குப் போனார். பொலிஸ் வந்து பார்த்தபோது, எருதுகள் வாடிக்குப் பின்னால் மறைவாகக் கட்டிக் கிடந்தன.

கச்சிமுகம்மது நெடுத்த மனிதர். மறியல் உடுப்பிலும் கூனாமல் வந்து நின்றார். மனைவியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்து, எதற்கு இந்தச் சிரமம் என்பதுபோலச் சிரித்தார்.

"காக்கா, மாட்டைக் களவெடுத்தீங்களா?" என்று, அண்ணனை அவர்கள் அழைக்கும் முறையிலேயே கேட்டேன்.

"அஸ்தஃபிருல்லாஹ்! ஹறாம் எண்டு எனக்குத் தெரியாதா?"

"பிறகு ஏன் கோட்டில குற்றவாளி எண்டு சொன்னீங்க?"

"சொல்லத்தானே வேணும் ஐயா."

"ஏன் சொல்ல வேணும்?"

"ஆராவது முதல்ல சொல்லணும்தானே?"

சுற்றிச் சுற்றிக் கேட்டேன். பதிலும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது. கடைசியில் நான் சத்தம் போட்டுவிட்டேன். காவலாளி எட்டிப் பார்த்தான். அப்போது அதுவரை முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கி நின்ற றஹீமா கேட்டாள்.

"சொல்லிப்போட்டு மறுகா என்ன செஞ்சீங்க?"

"சீனிமுகம்மதுக் காக்காவைப் பார்த்துக்கிட்டு நிண்டன்."

"என்னத்துக்கு?"

"அவர் சொல்லணுமே."

"என்னத்த?"

"அவர்ட பாதிய."

றஹீமா "யா அல்லாஹ்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு விளங்கிவிட்டது. எனக்கு அவள்தான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. ஊரில் இரண்டு பேருக்குள் பிணக்கு வந்தால், பள்ளிவாசலில் அதன் நிர்வாகிகளான மரைக்காயர்மார் முன்னால் இருவரையும் நிறுத்துவார்கள். விசாரித்து முடிந்ததும், மானமுள்ளவன் எவனோ அவன் முந்திக்கொண்டு, "பிழை என்னிலதான்" என்பான். உடனே மற்றவன், "இல்ல, என்னிலயும் பிழை இரிக்கி" என்று சொல்ல வேண்டும். யாருடைய பிழை எவ்வளவு என்று அதற்குமேல் யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. இருவரும் சலாம் சொல்லிக் கைகொடுத்தால் விஷயம் தீர்ந்தது. முதலில் சொன்னவனுக்குத்தான் சபையில் மதிப்பு அதிகம்.

கச்சிமுகம்மது வாழ்க்கையில் முதன்முறையாக நீதிமன்றத்துக்குள் போயிருக்கிறார். உயரத்தில் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் வாய்பொத்தி நிற்கிறார்கள். முதலியார் என்கிற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் எழுந்து, நீ குற்றவாளியா, குற்றமற்ற சுற்றவாளியா என்று கேட்கிறார். ஒருத்தரின் பிழையில் ஒருத்தர் பாதியை எடுத்துக்கொள்ளும் இடம் இதுவும்தான் என்று நினைத்து, முந்திக்கொண்டு தன் பாதியைச் சொல்லிவிட்டு, மற்றப் பாதிக்காக அந்த மனிதர் காத்து நின்றிருக்கிறார். அதற்குள் தீர்ப்பு எழுதி முடிந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. ஆனால் தொழில்காரன் மூளை சும்மா கிடக்காதே. குற்றத்தை எந்த நிபந்தனையும் இல்லாமல் முழுசாக ஏற்றுக்கொண்டால்தான் விசாரணை இல்லாமல் தண்டிக்கலாம் என்பது சட்டம். இவர் ஏற்றுக்கொண்டது பாதி. மேன்முறையீடு இல்லாவிட்டால் என்ன? கீழ்க்கோட்டுத் தீர்ப்பைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தைக் கேட்க மீளாய்வு என்று ஒரு வழி இருக்கிறது. அதற்கு நடந்ததைச் சத்தியம் செய்து எழுதி இவர் ஒரு சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

"அது ஏலா ஐயா" என்றார் கச்சிமுகம்மது.

"ஏன்?"

"சபையில சொன்ன சொல்ல எப்படித் திருப்பி எடுக்கிற? அவர் தன்ட பாதியச் சொன்னாத்தான் நான் என்ட பாதியப் பத்திக் கதைக்கலாம். அதுக்கு முந்தி எடுத்தா நான் பொய்காரன்."

ஒரு வருஷம் உள்ளே கிடப்பதைவிட அது பெரிதா என்று நான் கத்தினேன். பெரிதுதான் என்றார். திரும்பிவரும் பஸ்ஸில் கல்லாறு தாண்டியதும் றஹீமா என் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாக, "சீனிமுகம்மது மாமாட வீட்டுக்கு நான் போகலாமா ஐயா? சட்டத்தில பிழையா?" என்று கேட்டாள்.

மிரட்டவும் கூடாது, எதையும் கொடுக்கவும் கூடாது, நடந்ததை நடந்தபடி கேட்டால் பிழையில்லை என்றேன். அவளுக்குக் கேட்கவா சொல்லித்தர வேண்டும்?

இரண்டு நாளில் வந்து அந்தக் கதையைச் சொன்னாள். இப்றாஹிம் வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டாராம். இவள் முற்றத்தில் நின்று சலாம் சொல்லியிருக்கிறாள். புருஷனை மறியலுக்கு அனுப்பியவர் வீடு. சீனிமுகம்மது உள்ளேயிருந்து வரவே தயங்கினார்.

"மாமா, உங்கட மாடு அவர்ட வேளாண்மையில வாய் வச்சதா, இல்லயா?"

"வச்சதுதான் புள்ள. பிறகு போய் வரம்பப் பார்த்தன்."

"கோட்டில ஏன் அதச் சொல்லல்ல?"

"என்னை ஆரும் கேக்கல்லயே. கேட்டாத்தான் கதைக்கணும் எண்டு சொல்லி இருத்தினாங்க."

"அவர் உங்களப் பார்த்தாரே?"

சீனிமுகம்மது வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். "பார்த்தார். என்னத்துக்குப் பார்க்கிறார் எண்டு எனக்குத் தெரியாதா? நான் தலையக் குனிஞ்சிட்டன். அண்டையிலிரிந்து நான் ஒழுங்காத் திண்டதுமில்ல, தூங்கினதுமில்ல" என்றாராம்.

அவரே என் அறைக்கு வந்து, எருதுகள் வயலில் இறங்கியதையும், பிடித்துக் கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம் என்பதையும், அந்தப் பார்வையையும் சொல்லிச் சத்தியக்கடதாசி முடித்தார். அதை மட்டக்களப்புக்குக் கொண்டுபோய்க் கச்சிமுகம்மதுவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவர்ட வாயால சொன்னாரா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் தன்னுடையதில் கையெழுத்து வைத்தார்.

கொழும்பில் என் நண்பர் ஒருவர் வாதாடினார். நீதியரசர்கள் முதலில் புருவத்தை உயர்த்தினார்களாம். பிறகு ஒருவர் ஆர்வமாக முன்னால் சாய்ந்து, சொல்லிவிட்டுக் குற்றஞ்சாட்டப்பட்டவர் என்ன செய்தார் என்று கேட்டிருக்கிறார். றஹீமா மறியலில் கேட்ட அதே கேள்வி! இது முழுமையான ஏற்பு அல்ல, வழக்கைப் புதிதாக விசாரியுங்கள் என்று கட்டளை வந்தது. கச்சிமுகம்மது பிணையில் வீட்டுக்கு வந்தார். ஆனால் இன்னும் விடுதலை இல்லை. திரும்பவும் அதே கூண்டில் ஏற வேண்டும். திரும்பவும் அதே கேள்வி வரும்.

மறு விசாரணைத் தவணைக்கு முதல்நாள் அவரை என் அறையில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். "ஒரு சொல்லுத்தான் காக்கா. சுற்றவாளி. அதுக்கு மேல ஒண்டும் கதைக்கப்படாது. அங்கயிங்க பார்க்கவும் கூடாது." எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். அந்த ஓமை நினைத்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் குற்றப்பத்திரம் வாசித்தார்கள். முதலியார் கேட்டார். "குற்றவாளியா, சுற்றவாளியா?"

கச்சிமுகம்மது மெதுவாகக் கழுத்தைத் திருப்பிச் சீனிமுகம்மது இருந்த பக்கம் பார்த்தார். பின்வரிசையில் றஹீமா எழுந்தே விட்டாள். சீனிமுகம்மது இந்த முறை தலையைக் குனியவில்லை. நிமிர்ந்து பார்த்து, ஓம் என்பதுபோலத் தலையை அசைத்தார்.

"சுற்றவாளி" என்றார் கச்சிமுகம்மது.

பிறகு அதிக நேரம் எடுக்கவில்லை. சீனிமுகம்மது சாட்சிக் கூண்டில் ஏறி, பொலிஸ் தரப்பு கேட்டதற்கும் நான் கேட்டதற்கும் ஒரே பதிலைச் சொன்னார். திருடும் எண்ணம் இல்லாத இடத்தில் திருட்டு இல்லை என்று நீதவான் கச்சிமுகம்மதுவை விடுதலை செய்தார்.

வெளியே வளவில் நான் கடதாசிகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். கச்சிமுகம்மது என்னைத் தாண்டி நேரே சீனிமுகம்மதுவிடம் நடந்துபோய், சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, "பிழை என்னிலதான்" என்றார்.

"அட மனுசா!" என்று நான் பாய்ந்தேன். "கேற்றைத் தாண்டிப் போய்ச் சொல்லும்! பொலிஸ்காரன் இன்னும் நிக்கிறான்!"

அவர் அசையவில்லை. காத்துக்கொண்டு நின்றார்.

"என்னிலயும் பிழை இரிக்கி" என்றார் சீனிமுகம்மது. குரல் உடைந்துவிட்டது. இருவரும் சலாம் சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மறியலிலும் கண்கலங்காத றஹீமா, மதிலில் சாய்ந்துகொண்டு விம்மி விம்மி அழுதாள். இப்றாஹிம் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பக்கத்தில் நின்றார். வழக்கம்போல் ஏதாவது கேட்பாள், எப்படியாவது பதில் சொல்லிச் சமாளிக்க வேண்டும் என்று நானும் கொஞ்சநேரம் நின்று பார்த்தேன். அன்றைக்கு மட்டும் அவள் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை.