இரண்டு பிள்ளைகள், ஒரே சாடை

போன வாரம் உத்திரமேரூர் பஸ்ஸில் முன்சீட்டுக் குழந்தையிடமிருந்து நீலகிரித் தைல வாசனை வந்தது. மேலேறிய கண்கள், சின்ன மூக்கு. "டவுன் சிண்ட்ரோம்ங்க" என்று அதன் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மகள் செல்விக்கு இருந்தது அதுதான் என்று அவள் போய் வெகுகாலம் கழித்தே தெரிந்துகொண்டேன். அறுபதுகளில் மானாம்பதிப் பக்கத்தில் ஊர் அவளுக்கு வைத்திருந்த பெயர்கள் வேறு. அவற்றை உங்களுக்கு எழுத மாட்டேன்.

அப்போது நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. செல்விக்கு ஒரு வயதானபோது தன் அம்மா வீட்டுக்குப் போன கணவர், போனவர்தான். தைலம் என்றதும் குடியிருந்த வீட்டுக்காரம்மாதான் ஞாபகத்துக்கு வருகிறாள். தைலம் தேய்த்துச் செல்வியை வெயிலில் உட்கார வைத்தால் போதும், வந்துவிடுவாள்.

"எம் மருமவ முழுவாம கீறா டீச்சர். இந்த மூஞ்சில முழிச்சா அவளுக்கும் இப்டித்தான் பொறக்கும். உள்ள போட்டுப் பூட்டிட்டுப் போ."

பூட்டினேன். ஊர்ப் பிள்ளைகளுக்கு அன்பைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு வந்து என் பிள்ளையைத் திறந்துவிட்டேன்.

ஒருநாள் செல்விக்கு மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரி வரிசையில் அடுத்த ஊர் நடவுக்காரி முனியம்மா நின்றிருந்தாள். அவள் இடுப்பில் இருந்த பையனுக்கு அப்படியே செல்வியின் முகம்.

"இன்னா டீச்சர், ரெண்டும் ஒரே சாடையா கீது? ஒரே அப்பனா?" என்றான் ஒருத்தன். வரிசையே சிரித்தது.

நான் எரிந்து விழுந்தது அவன்மேல் அல்ல, முனியம்மாமேல். "தள்ளி நில்லு!" படித்தவள் அல்லவா, ஆள் பார்த்துக் கோபப்படத் தெரிந்திருந்தது. அவள் நகரவில்லை. செல்வியின் மார்பில் காதை வைத்தாள்.

"எம் புள்ளைக்கும் இப்டித்தான் கர்ருங்கும் டீச்சரம்மா. படுக்கப் போட்டு ஊட்டாதீங்க. நிமித்தி உக்கார வச்சிக்கினு கொஞ்சங்கொஞ்சமா குடுங்க. பாப்பா பேரு இன்னா?"

ஐந்து வருஷத்தில் என் மகளின் பெயரைக் கேட்ட முதல் ஆள். அங்கேயே அழுதேன்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் ஏரிக்கரையில் சந்தித்தோம். அவள் பையன் கோபாலுவும் செல்வியும் சேற்றில் புரள்வார்கள். பிள்ளைகள் எதை விழுங்குகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், நாம் செத்தால் என்ன ஆவார்கள் என்று நாங்கள் பேசுவோம். சேதி வீட்டுக்காரம்மாவுக்குப் போனது.

"சேரிக்காரிகூட குந்திக்கினு கஞ்சி குடிக்கிறவளுக்கு என் வூட்ல எடமில்ல" என்று என் பாத்திரங்களைத் தெருவில் வீசினாள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. ஒரு கதவும் எனக்குத் திறக்கவில்லை. சொல்லி அனுப்பியதும் முனியம்மா வந்தாள்; என் டிரங்குப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு தன் தெருவுக்கு நடந்தாள். அங்கே செல்வியை யாரும் பூட்டச் சொல்லவில்லை.

ஒரு மழைக்காலத்தில் கோபாலு நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனான். அடுத்த ஞாயிறும் முனியம்மா ஏரிக்கரைக்கு வந்தாள். செல்வியை மடியில் நிமிர்த்தி வைத்து ஊட்டினாள். இரண்டு வருஷத்தில் செல்வியும் போனாள்.

ஏரிக்கரை இப்போது தார்ரோடு. முனியம்மாவும் போய்விட்டாள். இருந்தவரை, "கோபாலு இருந்தா இந்நேரம்..." என்று அவள் தொடங்குவாள், "செல்வி இருந்தா..." என்று நான் போட்டிக்கு நிற்பேன். இன்று அந்த இரண்டு பெயர்களைச் சொன்னால், யார் அது என்று கேட்காத ஆள் ஒருவரும் இல்லை.