வள்ளத்துப் பங்கு

எனக்குப் பொறுமை கிடையாது. நோயாளி நாக்கை நீட்டுவதற்குள் மருந்துச் சீட்டை எழுதி முடிக்கிற ரகம் நான். யுத்த காலத்தில் தூத்துக்குடிக் கடற்கரையோரம் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் டாக்டராக இருந்தேன். சல்ஃபா மாத்திரை அப்போதுதான் எங்கள் கைக்கு வந்திருந்தது. சீழையும் காய்ச்சலையும் அடக்குகிற மருந்து. ஒரு டப்பா கிடைப்பதே பெரும்பாடு.

ஒரு நாள் காலையில் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிற ஒருவரை அவர் மனைவி கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். வலது காதில் சீழ். காதுக்குப் பின்னால் எலும்பு மேட்டில் சிவந்து வீங்கியிருந்தது. காய்ச்சல் அனலாய் அடித்தது. சீழ் மூளைக்குப் போய்விட்டால் ஆள் பிழைக்கமாட்டார். ஒரு வாரத்துக்கான மாத்திரைகளைக் கட்டிக் கொடுத்து, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டிரண்டாக விழுங்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் காலையில், காய்ச்சல் இன்னும் ஏறிவிட்டது என்று அவர் வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்னான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிருமிக்கு மருந்து கேட்கவில்லையா? நான்தான் நோயைத் தப்பாகப் பார்த்தேனா? அளவைக் கூட்டினால் சிறுநீரகம் தாங்குமா? எலும்பைத் திறக்கப் பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா? மேஜைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். மத்தியானம் அவர் வீட்டுக்கே போய்விட்டேன்.

அவரோடு வள்ளத்தில் போகிற ஆட்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். மாத்திரைப் பொட்டலத்தைக் கேட்டேன். அடியில் ஏழெட்டுத்தான் கிடந்தன. மூன்று நாளில் அத்தனையும் விழுங்கிவிட்டாரா என்று பதறினேன்.

"அவுக எங்க முழுங்குனாக? பங்கு வச்சாச்சுல்லா" என்றாள் மனைவி.

அந்த வள்ளத்தில் எது கிடைத்தாலும் கடலில் குளித்தவர், மேலே நின்று அவருக்குக் கயிறு பிடித்தவர், துடுப்புப் போட்டவர் எல்லாருக்கும் பங்கு உண்டு. அபூர்வமான மருந்தை ஒருத்தர் மட்டும் வைத்துக்கொள்வது அவர்களுக்கு அசிங்கம். ஒருவர் பல்வலிக்கு, ஒருவர் முழங்காலுக்கு, மற்றவர்கள் இனி வரப்போகிற வியாதிக்கு என்று வேட்டி முனையில் முடிந்து வைத்திருந்தார்கள். காய்ச்சல்காரருக்குக் கிடைத்தது வேளைக்கு ஒன்று, அதுவும் நினைவு வந்தபோது.

நான் கத்தினேன். இது சங்கு இல்லை, பங்கு போட்டால் ஒருத்தருக்கும் உதவாது, அரைகுறையாக அடித்தால் கிருமி எழுந்து நின்றுவிடும் என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நீங்களும் அப்படித்தான ஐயா குடுக்கிய? நாங்க வந்தன்னைக்குத் தடுமத்துக்கு வந்த கடைக்கார அண்ணாச்சிக்கு அந்த டப்பாலருந்துதான எடுத்துக் குடுத்திய?"

ஜலதோஷத்துக்கு அந்த மருந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எனக்குத் தெரியும். பெரிய மனிதர் கேட்டார், மறுத்து விளக்கப் பொறுமையில்லாமல் கொடுத்தேன். அவருக்கு மட்டுமா கொடுத்தேன்? டப்பாவில் மிச்சம் இருந்தது இரண்டு நாளைக்குக்கூடக் காணாது. வெட்கமாக இருந்தது.

ஆட்கள் வேட்டி முனைகளை அவிழ்த்து மாத்திரைகளைப் பாயில் வைத்தார்கள். என்னிடம் இருந்ததையும் சேர்த்தபோது ஒருவாறு போதுமானதாக இருந்தது. அதன் பிறகு அவர் விழுங்குவதைப் பார்க்கத் தினமும் இரண்டு மூன்று தடவை போனேன். நாலைந்து நாளில் காய்ச்சல் இறங்கி, வீக்கம் வற்றியது. உயிர் தப்பியது.

காது தப்பவில்லை. வலது செவிப்பறை போய்விட்டது. இனி ஆழத்தில் இறங்கக்கூடாது என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது. மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த மூன்று நாள் வீணாகியிருக்காது.

அடுத்த சங்குப் பருவத்தில் அவரைக் கரையில் பார்த்தேன். தம்பி குளிக்க, இவர் கயிறு பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார். "கயிறு பிடிக்கக் காது எதுக்கு ஐயா?" என்று சிரித்துவிட்டு வள்ளத்தின் பக்கம் திரும்பினார்.

என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். நான் அவருடைய வலது பக்கத்தில் நின்றிருந்தேன். அவருக்குக் கேட்கவில்லை. இடது பக்கம் போய் இன்னொரு தடவை சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.