கல்யாண வீடியோவும் கறுத்த திரையும்

திருத்தணி மலையில் தாலி கட்டிக்கொண்ட எத்தனையோ பேரின் முகம் எனக்குத் தெரியும். அவர்களுக்கு என்னைத் தெரியாது. என் கணவர் கேமரா பிடிப்பவர். அவர் எடுத்து வருவதை வெட்டி, கோர்த்து, பாட்டு சேர்த்துக் கல்யாண வீடியோவாக்குவது என் வேலை. வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு லேப்டாப், அவ்வளவுதான் எங்கள் ஸ்டூடியோ.

அந்த வைகாசியில் முகூர்த்தங்கள் நெருக்கிக்கொண்டு வந்தன. அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பம் ஒன்றின் கல்யாணத்தை முக்கால்வாசி முடித்திருந்தேன். ஒரு நாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தால் அது தானாகவே அப்டேட் ஆகியிருந்தது. எடிட்டிங் சாஃப்ட்வேர் திறந்தது, ஆனால் படம் ஓடவேண்டிய கட்டம் முழுக்கக் கறுப்பு. நாதஸ்வரம் கேட்டது, தவில் கேட்டது, "கெட்டிமேளம்" என்று யாரோ கத்துவதும் கேட்டது. மணமக்களைக் காணோம்.

கணவரிடம் சொன்னேன்.

"இன்னா பண்ண? எதுனா அமுக்கினியா?"

"நான் எதையும் தொடலீங்க. அதுவா அப்டேட் ஆயிருக்குது."

"அதுவா ஆவுமா? உன் கை சும்மா இருந்தாதான?"

இந்த மாதிரி லேப்டாப்பில் கிராபிக்ஸ் இரண்டு இருக்கும். ஒன்று பிராசசரோடு சேர்ந்தே வருவது. கரண்ட் அதிகம் தின்னாது, சின்ன வேலைக்குப் போதும். இன்னொன்று தனி கார்டு, வீடியோ மாதிரி கனமான வேலைக்கு. எந்த வேலைக்கு எதை எழுப்புவது என்று மெஷினே பார்த்து மாற்றிக்கொள்ளும். அப்டேட்டுக்குப் பிறகு அந்த மாற்றம் நடக்கவில்லை. என்ன திறந்தாலும் சின்னதுதான் மூச்சு முட்டிக் கிடந்தது, பெரியது அசையவே இல்லை. இதைக் காட்டி விளக்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஒயரைப் பிடுங்கி, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு மார்க்கெட் பக்கத்து சர்வீஸ் கடைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் வெறும் கையோடு வந்தார். "போர்டு போயிருக்கும்னு சொல்றான். முதல்ல ஃபார்மேட் அடிச்சுப் பாக்கறானாம். சரின்னுட்டேன்."

கேமராவில் எடுத்ததெல்லாம் தனி டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. ஆனால் நான் வெட்டிக் கோர்த்த வேலை முழுக்க லேப்டாப்புக்குள், ஃபார்மேட் அடித்தால் மொத்தமும் அழிந்துபோகும். அதைச் சொன்னேன். "மறுபடி பண்ணிக்க, இன்னா இப்ப?" என்றார்.

மறுநாள் அவர் பொதட்டூர்பேட்டைக்கு ஒரு வளைகாப்பு எடுக்கப் போனதும் நான் கடைக்குப் போனேன். நல்ல வேளை, கடைக்காரர் இன்னும் கை வைக்கவில்லை.

"ஃபார்மேட் பண்ணாதீங்க. அப்டேட்ல டிரைவர் மாறியிருக்குது. கிராபிக்ஸ் கார்டை சிஸ்டம் எழுப்ப மாட்டேங்குது, அவ்ளோதான். குடுங்க, நான் பாத்துக்கறேன்."

அவர் சிரித்தார். என்னைப் பார்த்துக்கூட அல்ல, பக்கத்தில் சார்ஜர் வாங்க நின்றிருந்த ஆளைப் பார்த்து. "சார் ஒரு வார்த்த சொல்லட்டும்மா, குடுத்துடறேன்."

நான் தினமும் உட்கார்ந்து வேலை செய்யும் மெஷின். அதை வாங்க என் கணவரின் வார்த்தை வேண்டும். போன் போட்டேன். கடைக்காரர் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"குடுத்துடுப்பா," என்றது என் கணவரின் குரல். "அவ இன்னாவோ நோண்டிகினு கெடக்கட்டும். கெட்டா அவ தலைல."

சார்ஜர் வாங்க வந்த ஆளும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். செட்டிங்ஸில் எடிட்டிங் சாஃப்ட்வேருக்குப் பெரிய கார்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று குறித்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் பழையபடி கறுப்பு. இதே கோளாறில் சிக்கிய யார் யாரோ இணையத்தில் எழுதியிருந்ததையெல்லாம் போனில் படித்தேன். பாதி பேர் திட்டியிருந்தார்கள், பாதி பேர் ஃபார்மேட் என்றார்கள். கடைசியில் நெட்டைத் துண்டித்துவிட்டு, அப்டேட் கொண்டுவந்த டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் சாஃப்ட்வேரை, மொத்தமாக நீக்கினேன். லேப்டாப் கம்பெனியின் பக்கத்திலிருந்து என் மாடலுக்கான பழைய டிரைவரை முன்பே இறக்கி வைத்திருந்தேன், அதைப் போட்டேன். அப்படியும் பெரிய கார்டு எழவில்லை. அழுகை வந்தது. பிறகுதான் கண்ணில் பட்டது: லேப்டாப்போடு வந்த கண்ட்ரோல் ஆப்பில் பேட்டரியை மிச்சப்படுத்தும் வசதி, அப்டேட்டின்போது தானாக ஆன் ஆகியிருந்தது. அதுதான் பெரிய கார்டைத் தூங்க வைத்திருந்தது. ஆஃப் செய்து ரீஸ்டார்ட் போட்டேன்.

கல்யாணப் பெண் திரையில் வந்தாள். தலை குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். சொல்ல ஆளில்லாமல் அம்மா வீட்டுக்குப் போன் செய்தேன். நைனா எடுத்தார். "சரியாயிடுச்சா? விடு. அவர்கிட்ட பெருசா பேசிகினு இருக்காத," என்றார்.

கணவர் வந்து பார்த்தார். "ஓடுதா?" என்றார். "ஆங்," என்றேன். கை கழுவப் போய்விட்டார்.

வீடியோ முடிந்த அன்று பெண்ணின் அப்பாவே வாங்க வந்தார். தாலி ஏறும் நேரம் அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டதை நான் எத்தனை தடவை ஓடவிட்டுப் பார்த்திருப்பேன்! அந்த இடத்தில் பாட்டை நிறுத்தி, மூச்சுச் சத்தம் மட்டும் வைத்தவள் நான். அவர் என் கையிலிருந்து காபி டம்ளரை வாங்கிக்கொண்டு என் கணவரிடம் பேசினார்.

"லேப்டாப்பு ரிப்பேர்னு சொன்னீங்களே, இன்னா ஆச்சு?"

"கடைல குடுத்து ரெடி பண்ணிட்டேங்க," என்றார் என் கணவர். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

பெண்ணின் அப்பா போனதும் கேட்டேன், "ஏன் கடைன்னு சொன்னீங்க?"

"பின்ன? வூட்ல பொண்டாட்டி நோண்டி சரி பண்ணான்னா எவன் நம்பி வேல குடுப்பான்?"

கோபமே இல்லாமல் சொன்னார், தொழில் விஷயம் பேசுகிற மாதிரி. அதுதான் இன்றும் உறுத்துகிறது. அவர் சொன்னது இந்த ஊரில் உண்மையாகவும் இருக்கலாம்.

அதோடு நிற்கவில்லை. அவருக்கு நல்ல சர்வீஸ் ஆள் ஒருவரைத் தெரியும் என்று பேச்சு பரவி, அரக்கோணத்து போட்டோகிராபர் ஒருவர் இதே கோளாறோடு லேப்டாப் கொடுத்தனுப்பினார். சரி செய்து கொடுத்தேன். "பார்ட்டிக்கு ரொம்ப சந்தோஷம்," என்று என் கணவர் சொல்லிக் கேட்டேன். அடுத்து இன்னொன்று வந்தது. அதை நான் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவரே அதை எடுத்துக்கொண்டு நிஜமாகவே மார்க்கெட் கடைக்குப் போனார். எங்களுக்குள் இப்போது பேச்சு வேலையைப் பற்றி மட்டும்தான்.