இருக்கைக்குக் கீழே புளித்த பால்

முதலில் அந்த நாற்றம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய வாகனம் ஒன்றின் முன் இருக்கையைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, கீழிருந்த கம்பளத்தை நுனியில் பிடித்து உரித்தேன். புளித்த பாலையும் நனைந்த தோல் சப்பாத்தையும் ஒரே சட்டியில் மூடி வைத்துக் கோடை முழுக்க மறந்துபோனது போல ஒரு வீச்சம் முகத்தில் அடித்தது. பக்கத்தில் நின்ற கராஜ் அண்ணை மூக்கைப் பொத்திக்கொண்டு, "இஞ்சத்தை ஆக்கள் சீஸ் செய்யிறதுக்கு மாடு வளர்க்கினம். எங்கட சனம் காருக்குள்ளையே செய்யுது" என்றார். அந்த வீச்சத்திலும் சிரித்தேன். அவர் வாயைத் திறந்தால் சிரிக்காமல் இருப்பது கஷ்டம்.

சுவிஸ் மலையூரான லா ஷோ-து-ஃபோனின் மேற்கு எல்லையில் இருந்தது அவருடைய கராஜ். கிழமை நாட்களில் நான் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் உறைகளுக்கு மெருகு போடுகிறவன். சனிக்கிழமைகளில் அண்ணையின் வயர்க்காரன். இந்த வேலையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உடைத்துப் போட்ட கார்களின் வயர்களைப் பிரித்துப் பிரித்து நானே பிடித்துக்கொண்டதுதான். அண்ணைக்கு இரும்பு தெரியும், கரண்ட் தெரியாது. அதை மறைக்கவும் மாட்டார். "இரும்பு எண்டால் அடிச்சால் சத்தம் போடும். உந்தக் கரண்ட் கோதாரி ஊமை மாதிரி இருந்து கடிக்கும்" என்பார். இப்படியான பேச்சுகளைப் பொறுக்கிச் சேர்ப்பது என் பழக்கம், அவரிடம் பொறுக்கியது ஒரு சாக்கு நிறைய இருக்கும். என் மனைவி இந்த நாட்டில் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்துக்கு அவர்தான் வந்தார். பனிக்குளிரில் சேலையோடு நின்றவளுக்குத் தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தார். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது நியாயமாக இராது.

வாகனத்தின் சொந்தக்காரி ஒரு தாதி அக்கா. குன்றுகளின் மேல் ஒன்றுக்கொன்று எட்டாமல் கிடக்கும் பண்ணைவீடுகளுக்குப் போய், தனியே இருக்கிற வயதானவர்களுக்குப் புண் கட்டி மருந்து கொடுத்துவிட்டு வருவது அவருடைய வேலை. முதியோர் இல்லமொன்றின் சலவை அறையில் பத்து வருசம் நின்று, நாற்பது வயதுக்குப் பிறகு பிரெஞ்சு படித்துச் சோதனை எழுதி எடுத்த வேலை. மாரியில் அந்தப் பாதைகளுக்கு நான்கு சக்கரமும் பிடிக்கிற வாகனம் வேண்டும். அது இல்லையென்றால் மலை வட்டாரத்தை வேறொருவருக்குக் கொடுப்போம், உங்களுக்குத் திரும்பவும் சலவை அறைதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். முடிவு திங்கட்கிழமை. அக்கா சனி காலையில் வாகனத்தைக் கொண்டுவந்து விட்டார்.

ஏற்றத்தில் திடீரென்று நான்கு சக்கர விளக்கு மினுங்கும், கியர் மூன்றில் இறுகி நின்றுவிடும், நிறுத்திவிட்டு மறுபடி இயக்கினால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். இதுதான் அவர் சொன்ன வருத்தம். கணினியை மாட்டிப் பார்த்தால் ஏழெட்டுக் கோளாறுகள் வரிசையாக விழுந்தன. கியர் மாற்றும் வால்வுகள் பிழை, பின் அச்சை இணைக்கிற கிளச் பிழை, ஒன்றோடொன்று தொடர்பும் இல்லை. ஒரே நாளில் இத்தனை உறுப்பு சாகாது. அத்தனைக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதான் செத்திருக்க வேண்டும். கியர்பொக்ஸ் எண்ணெயைத் தொட்டு முகர்ந்தேன். சிவப்பாக, தெளிவாக, கருகல் மணமே இல்லாமல் இருந்தது. கியரைக் கட்டுப்படுத்துகிற சின்னக் கணினிக்குப் போகும் வயர்க்கட்டை ஆட்டியபடி மீற்றரைப் பார்த்தேன். முள் விழுந்து விழுந்து எழும்பியது. அந்தக் கணினி பூட்டியிருந்தது முன் இருக்கைக்குக் கீழே, கம்பளத்துக்கு அடியில். உரித்துப் பார்த்தபோதுதான் அந்த வீச்சம். இணைப்பியின் ஊசிகளில் பச்சைப் பாசி ஏறியிருந்தது. காய்ந்த பால் மஞ்சள் தோலாக அதன்மேல் ஒட்டிக் கிடந்தது. ஊசிகளை மாற்றி, இரண்டு வயரைப் புதிதாக இழுத்தால் போதும். அரை நாள் வேலை.

அண்ணை குனிந்து பார்த்தார். பிறகு, "சீற்றைத் திரும்பப் பூட்டு. ஒண்டும் செய்யாதை" என்றார். அவருடைய மச்சானுக்கு மலைப்பக்கம் வேலை கிடைத்திருந்தது, அவனுக்கு இப்படியொரு வாகனம் மலிவாகத் தேவைப்பட்டது. அவ்வளவுதான் கதை.

மத்தியானம் அக்கா வந்தார். "கியர்பொக்ஸ் முடிஞ்சுது தங்கச்சி. இது இனி மலை ஏறாது" என்றார் அண்ணை, செத்த வீட்டுக் குரலில். அக்காவின் முகம் விழுந்தது. யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"கோடையிலை கோயிலுக்கு அபிஷேகப் பால் கொண்டு போனனான் அண்ணை. வளைவிலை வாளி சரிஞ்சு உள்ளுக்கை கொட்டிப்போச்சு. பால் கொட்டினதை ஆரிட்டைச் சொல்லுறது? மேலாலை துடைச்சுப்போட்டு, பெற்றோல் செட் கடையிலை பெட்டிப்பால் வாங்கிக்கொண்டு போய்க் குடுத்தனான். அண்டைக்கே மனம் சரியில்லை."

வேறு எந்தச் சனமும் இப்படி ஒரு பிழையை விடாது. காருக்குள் பால் கொட்டியது என்று மட்டும் அவர் அப்போதே சொல்லியிருந்தால் நான் கோடையிலேயே கம்பளத்தைத் தூக்கியிருப்பேன். நாங்களோ அபசகுனம் என்று பயந்து வாயை மூடிக்கொள்வோம். அதற்கிடையில் பால் வயரைத் தின்றுவிடும்.

ஆனால் அண்ணை செய்ததை என்னவென்று சொல்வது? கொஞ்ச நேரத்துக்கு முன் அந்தப் பாலைத் தன் கண்ணால் பார்த்த மனிதர், நெற்றியில் விபூதியோடு நின்று, "அப்ப இது சாமிக் குத்தம்தான் பிள்ளை. இதை வைச்சிருக்காதேங்கோ. திங்கக்கிழமை காரின்ரை திறப்பைக் கொண்டு வாங்கோ, நான் எடுத்துப் பிரிச்சு விடுறன்" என்றார். பயந்த ஒரு மனுசியின் பக்தியைப் பிடித்து அவளுடைய கழுத்திலேயே சுற்றினார். இத்தனை வருசத்துக்குப் பிறகும் அந்த வசனத்தை எழுதும்போது எச்சில் கசக்கிறது.

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, நீயும் பாத்தனியோ? அப்படித்தானோ?"

என் விரல்களில் அந்தப் பால் இன்னும் ஒட்டியிருந்தது. "ஓம் அக்கா" என்றேன்.

அன்று பின்னேரம் கையை நான்கு தரம் கழுவினேன். கராஜில் கறுப்பு எண்ணெயை எடுக்கிற மணல் சவர்க்காரம், வீட்டில் தேசிக்காய்ச் சாறு, பிறகு மனைவியின் ஷாம்பு. சோற்றைப் பிசைந்தபோது நாற்றம் திரும்பி வந்தது. "ஒண்டும் மணக்கேல்லையே" என்றாள் மனைவி. எனக்கு மணத்தது. அண்ணையை நினைத்தாலும் அருவருப்பு. அவர் தந்த ஜாக்கெட்டை நினைத்து ஓம் சொன்ன என் வாயை நினைத்தால் அதைவிட அருவருப்பு.

ஞாயிறு காலை கருவிப் பெட்டியோடு அக்காவின் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் கியரிலேயே ஊர்ந்து வந்து சேர்ந்த வாகனம் வாசலில் பனி மூடி நின்றது. நான்கு சக்கரத்தின் கீழும் தேசிக்காய் வைத்திருந்தார், சாமிக் குத்தம் கழிப்பதற்காக. அவை கல்லாக உறைந்திருந்தன. கதவைத் திறந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவுமில்லை, ஏசவுமில்லை.

"சாமி இல்லையோ?"

"இல்லை அக்கா. பால்தான்."

உள்ளே போய் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து, கையைக் கட்டியபடி பக்கத்திலேயே நின்றார். இருக்கையைக் கழற்றி அந்தப் பச்சையை அவருக்குக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினார். பாசி பிடித்த ஊசிகளை வெட்டி எறிந்து புதியவற்றைப் பொருத்தினேன். வண்டியின் உடம்போடு சேரும் எர்த் வயரைப் புதிதாக இழுத்தேன். வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த தலைமுடி காயவைக்கிற மெஷினால் கணினியை உலர்த்தினேன். கோளாறுகளை அழித்து மறுபடி பார்த்தேன். ஒன்றும் திரும்பவில்லை. விரல்கள் விறைத்துப் போயிருந்தன. தேத்தண்ணி வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தார் வீட்டு வாசலில் அரை நாள் வேலை செய்தவனிடம் அதைக் கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

இதற்குப் பிறகு அண்ணை என்னை வெட்டிவிட்டார் என்று நினைப்பீர்கள். இல்லை. திங்கட்கிழமை அக்கா வாகனச் சாவியோடு வராதபோது ஒரு தரம் போனில் கத்தினார், அவ்வளவுதான். நான் கராஜுக்குப் போவதை விட்டேன். இப்போதும் கோயிலில் கண்டால், "என்ன வயர்க்காரர், எங்களை மறந்தாச்சோ?" என்று தோளில் தட்டுவார். சுற்றி நிற்பவர்கள் அவரைத் தங்கமான மனுசன் என்பார்கள். நானும் பல்லைக் காட்டுவேன். காட்டிவிட்டு வெளியே வந்து காறித் துப்புவேன்.

அந்த ஞாயிறு இன்னும் மிச்சம் இருக்கிறது. ஏற்றத்தில் ஓடிப் பார்த்தால்தான் வேலை முடிந்தது என்று சொல்லலாம் என்றேன். அக்கா ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன். ஊர் முடிந்து காடு தொடங்கியது, பாதை வெள்ளையானது. அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார், நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழமையாக மினுங்குகிற வளைவு வந்தது. விளக்கு மினுங்கவில்லை. கியர் இரண்டுக்கு இறங்கி மறுபடி மூன்றுக்கு ஏறியது, வெண்ணெய் போல.

"சரி அக்கா" என்றேன், மூச்சு வந்தவனாக.

பனிக்குள் ஒரு கம்பம் மட்டும் தெரிந்த பஸ் தரிப்பில் அவர் வாகனத்தை நிறுத்தினார்.

"இதிலை இறங்கு தம்பி. பஸ் வரும்."

பகிடி என்று நினைத்தேன்.

"மேலை ஒரு அம்மா ரெண்டு நாளாய் நான் வருவனெண்டு பாத்துக்கொண்டிருக்கிறா. நீ வரவேண்டாம்."

இறங்கிப் பின்கதவைத் திறந்து பெட்டியை எடுத்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைப் பாதி இறக்கினார்.

"அந்தக் கராஜ் ஆள் எப்படியானவரெண்டு எனக்கு முந்தியே தெரியும். அதாலைதான் நீயும் பாத்தனியோ எண்டு உன்னைக் கேட்டனான்."

கண்ணாடி ஏறியது. நான்கு சக்கரமும் ஒன்றாகப் பனியைக் கவ்விக்கொண்டு வாகனம் மேலே போனது. ஓரிடத்திலும் வழுக்கவில்லை.