சேகர் அண்ணனின் ரகசிய ஃபான்ட்

"ஜே கே பி ஓ செமிகோலன்."

போன மாதம் ஒரு நாள் ரீனாவின் லேப்டாப் இப்படித்தான் பேசியது. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். பக்கம் முழுக்க இதே கதை.

ரீனா என் தங்கையோடு பி.எட். படித்தவள். ஊர் கீரப்பாளையம். பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள்தான் அவளுக்குப் பாடப்புத்தகம், செய்தித்தாள், வாட்ஸ்அப் எல்லாமே. அவள் வைத்திருப்பது ஓப்பன் சோர்ஸ் வகை - காசு கிடையாது, அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். விலைக்கு விற்கிற வகையும் உண்டு. அதை வாங்க வேண்டுமானால் முதலில் லேப்டாப்பை விற்க வேண்டும்.

ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. சிதம்பரத்தில் அவள் படிக்கும் பயிற்சி மையம், பாடக்குறிப்பு மொத்தத்தையும் ஃபைலாகவே கொடுத்துவிட்டது. நல்ல மனிதர்கள். ஆனால் ஃபைலுக்குள் இருந்தது தமிழ் இல்லை.

அதெப்படி?

பழைய டி.டி.பி. கடைகளில் தமிழ் அடிக்கும் முறை அப்படி. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. ஃபான்ட் அதற்குத் தமிழ் வேஷம் போட்டுவிடும். நம் கண்ணுக்கு 'தமிழ்' என்று தெரிவது, கம்ப்யூட்டருக்கு வெறும் ஜே கே பி ஓ செமிகோலன். கண்ணால் படிக்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. ரீனா கண்ணால் படிப்பதில்லை.

இதற்கும் மருந்து உண்டு. பழைய ஃபான்ட்டை, இன்று எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடாக மாற்றும் நிரலைத் தன்னார்வலர்கள் சிலர் எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். ஃபைலை அதில் போட்டேன். லேப்டாப் தமிழில் பேசியது... ஒரு மாதிரியான தமிழில். 'பள்ளி' எல்லாம் 'சள்ளி' ஆகியிருந்தது.

"சள்ளில சாடம் நடத்துற ஆபிரியரா ஆயிடுவேன் போலக்கா" என்றாள் ரீனா.

பயிற்சி மையத்துக்கு போன் செய்தேன். "அது டி.டி.பி. கடை சேகர் அடிச்சதுங்க. அவரு ஃபான்ட் வேற எங்கயும் தொறக்காது" என்றார்கள், ஏதோ தரச்சான்று மாதிரி.

எதற்கும் லிஸ்ட் போடுகிறவள் நான். அன்றும் போட்டேன். ஒன்று, அச்சுப் பக்கத்தையும் ஃபைலையும் ஒப்பிட்டு, எந்த எழுத்து எதுவாக மாறியிருக்கிறது என்று நானே கண்டுபிடிக்கலாம். நானூறு பக்கம், நேரமில்லை. இரண்டு, யாரையாவது வைத்துப் புதிதாக அடிக்கலாம், அதற்கும் நேரமில்லை. மூன்று, சேகரையே கேட்கலாம். அவர் உருவாக்கியதை அவரைக் கேட்காமல் உடைப்பது எனக்கும் பிடிக்கவில்லை. மறுநாள் காலை ரீனாவும் நானும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினோம்.

கீழ வீதியை ஒட்டிய சந்தில் கடை. சேகருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பேசிக்கொண்டே இருந்தார், விரல்கள் தனியாக அடித்துக்கொண்டே இருந்தன.

"ஃபான்ட்ல எழுத்த எடம் மாத்தி வெச்சது நான்தாம்மா. இந்தச் சந்துல ஆறு கடை இருக்குது. நான் கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ணிக் குடுப்பேன், பார்ட்டி ஃபைல வாங்கிட்டுப் பக்கத்துக் கடையில தேதிய மாத்திக்குவான். இப்ப போவட்டும், பாக்கலாம். சுத்தி வந்து எங்கிட்டதான் நிக்கணும்."

பெரிய கம்பெனிகள் கோட் சூட் போட்டுக்கொண்டு செய்வதை இவர் லுங்கியில் செய்திருக்கிறார். வாடிக்கையாளரின் ஃபைல், பூட்டு மட்டும் நம்முடையது.

"இந்தக் கம்ப்யூட்டர் ரொம்பப் பழசா இருக்கேண்ணே?" என்றேன்.

"மாத்த முடியாதும்மா. என் ஃபான்ட் இந்தப் பழைய சாஃப்ட்வேர்லதான் ஓடும். புதுசு வாங்குனா என் ஃபைலே எனக்குத் தொறக்காது."

அப்படியானால் பூட்டுக்குள் இருப்பது யார்?

வாயை மூடிக்கொண்டேன். காரியம் ஆக வேண்டும். வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "எந்த எழுத்து எங்க இருக்குன்னு வெளிய சொன்னா, நாளைக்கே ஆறு கடையும் தொறந்துடுவான். வேற எதுனா கேளு."

அப்போதுதான் ரீனா லேப்டாப்பைத் திறந்து ஒலியைக் கூட்டினாள். ஜே, கே, பி, ஓ. ஒரு முழுப் பாரா. அவர் விரல்கள் நின்றன.

"இது இன்னாம்மா?"

"நீங்க அடிச்சதுதாண்ணே. உங்க டைப்பிங்ல ஒரு எழுத்துகூடத் தப்பு இருக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு ஒரு எழுத்துகூட இல்ல" என்றாள் ரீனா.

சேகர் எழுந்து, கீபோர்டுக்கு முன் எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டார்.

"எந்த எழுத்து எங்கன்னு கேட்டா வாயால சொல்ல வராதும்மா. வெரலுக்குத்தான் தெரியும். நீ சொல்லு, நான் அடிக்கிறேன்."

அ-வில் ஆரம்பித்தோம். நான் சொல்ல, அவர் அடிக்க, உள்ளே என்ன பதிவாகிறது என்று நான் குறித்துக்கொண்டேன். மொத்தம் இருபத்து மூன்று எழுத்துகள் இடம் மாறியிருந்தன. அவற்றை என்னிடம் இருந்த நிரலில் திருத்தினேன். அன்று சாயங்காலமே ரீனாவின் லேப்டாப் பள்ளியைப் பள்ளி என்றது.

ஆறு கடைக்கும் தெரிந்துவிடும் என்று சொல்லியே சேகரிடம் சம்மதம் வாங்கி, அந்தப் பட்டியலைப் பொது நிரலுக்கும் அனுப்பினேன். நான் நேரில் பார்த்தே இராத ஒருவர், யாழ்ப்பாணத்தில் இருந்து, சரிபார்த்துச் சேர்த்துக்கொண்டார். அதோடு ஒரு கேள்வி: பங்களித்தவர் பெயர் என்ன போட? சேகரிடம் கேட்டேன். "இனிஷியலோட போடச் சொல்லும்மா."

யோசித்துப் பார்க்கிறேன். இருபது, இருபத்தைந்து வருஷமாக இந்த மாதிரிக் கடைகளில் அடித்த தமிழ் எவ்வளவு இருக்கும்? திருவிழா நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர், சங்கத்து அறிக்கை, கண்ணீர் அஞ்சலி... எல்லாமே ஏதோ ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஜே கே பி ஓ என்று படுத்திருக்கிறது. தேடினால் கிடைக்காது. எழுதியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் திறக்காது. மொழிக்கு என்ன செய்யலாம் என்று மேடையில் பேசுகிறோம். இருபத்து மூன்று எழுத்தின் இடத்தைச் சொல்ல ஒரு ஆள் சம்மதிப்பதும் அதில் சேருமா, சேராதா?

ரீனா குறிப்புகளை இரண்டு முறை கேட்டு முடித்துத் தேர்வும் எழுதிவிட்டாள். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

பழைய ஃபைலை எல்லாம் யூனிகோடாக மாற்றிக்கொண்டு, சேகர் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். ஆறு கடைக்காரர்களும் அவர் ஃபைலைத் திறக்கிறார்களா என்று கேட்டேன். "ரெண்டு பேரு தொறந்தாங்க. அதுல ஒருத்தன் லே-அவுட் எப்படிப் பண்றதுன்னு எங்கிட்டயே கேக்க வந்தான்" என்றார்.

போன வாரம் ரீனாவிடமிருந்து போன். அவள் அக்காவுக்குக் கல்யாணம். பத்திரிகை அடிப்பது சேகர்தான். ப்ரூஃபை யூனிகோடில் மாப்பிள்ளை வீட்டுக்கு வாட்ஸ்அப் பண்ண, அங்கிருந்து இவளுக்கும் வந்திருக்கிறது.

"மொதல் தடவையா ஒரு பத்திரிகைய நானே படிச்சேங்க்கா" என்றாள். "வீட்ல எட்டு பேரு பாத்து ஓகே சொல்லிட்டாங்க. ஆனா சின்ன மாமா பேரே இல்ல. அச்சுக்குப் போறதுக்குள்ள சேகர் அண்ணன்கிட்ட சொல்லணும், அவரு நம்பர் அனுப்புங்க. இல்லன்னா மாமா கல்யாணத்துக்கே வரமாட்டாரு."

நம்பரை அனுப்பினேன். பத்தே நிமிஷத்தில் சேகர் என்னைக் கூப்பிட்டார்.

"தொறந்து விட்டா இதாம்மா தொல்லை... தப்பக் கண்டுபுடிச்சிடுறாங்க."