முப்பது மைக், ஒரு ஹலோ அக்கா

எங்கள் பல்கலைக்கழக மொழி ஆய்வகத்தில் முப்பது கணினிகள், மைக்கோடு சேர்ந்த முப்பது ஹெட்போன்கள், அவற்றைக் கட்டி மேய்க்க ஒரே ஆள். காலை ஒன்பது மணிக்குப் பூட்டைத் திறந்ததும் ஒவ்வொரு இருக்கையாக உட்கார்ந்து, மைக்கில் “ஹலோ, ஹலோ, இருக்கை ஒண்ணு” என்று பதிவு செய்து, திரும்பப் போட்டுக் கேட்பார். முப்பது இருக்கைக்கும் இதே பாடுதான். ஹலோ அக்கா என்ற பெயர் வேறு எப்படி வரும்? ஒன்பது ஆண்டுகளாக ஒப்பந்த ஊழியர். அவரை நிரந்தரமாக்கும் ஃபைல் இந்த ஆண்டுதான் துறைத்தலைவர் மேசைக்கு வந்திருந்தது.

நான் அங்கே அயல்மொழி ஆசிரியை. மூக்குக்கு மேல் கோபம் வரும். என் காது கூர்மையானது என்று ஒரு கர்வமும் உண்டு.

பேச்சுத் தேர்வில் முப்பது பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே கேள்வி ஒலிக்கும். அவர்கள் சொல்லும் பதிலை மென்பொருள் இருக்கை எண்ணோடு சேமித்துக்கொள்ளும். பெயர் தெரியாமல், எண்ணை மட்டும் பார்த்து நான் மதிப்பெண் போடுவேன். இந்த முறை பதினேழாம் எண்ணுக்கு நூற்றுக்கு இருபத்தொன்று, தோல்வி. பிறகு பெயரைப் பார்த்தால், வகுப்பிலேயே நன்றாகப் பேசும் பெண்! பரீட்சை பயம் என்று நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன். பெரிய மேதாவி அல்லவா?

அந்தப் பெண் ஆய்வகத்துக்கு வந்து அழுதாள். தேறாவிட்டால் அந்த ஆண்டையே மறுபடி படிக்க வேண்டும்.

“எல்லாத்துக்கும் பதில் சொன்னேன் மேடம்.”

ஹலோ அக்கா கையிலிருந்த துடைக்கும் துணியை வைத்துவிட்டு வந்தார். “அந்தப் பதிவை ஒரு தடவை போடுங்களேன் மேடம்.”

இரண்டு வாக்கியம்கூட முடியவில்லை.

“இது இந்தப் பிள்ளை குரல் இல்ல. பக்கத்துல, பதினெட்டுல உட்கார்ந்த பிள்ளையோடது.”

“உங்களுக்குத்தான் இந்த மொழியே தெரியாதே?”

“மொழி தெரியாது மேடம். குரல் தெரியும்.”

பதினெட்டைப் போட்டோம். அதில் இந்தப் பெண் தண்ணீர் பட்ட பாடாகப் பேசிக்கொண்டிருந்தாள். அதற்கு நான் எண்பத்தெட்டு போட்டிருந்தேன். ஓராண்டாக நான் தினமும் கேட்கும் குரல்கள்தான். பிழை பொறுக்குகிற மும்முரத்தில் குரலை நான் எங்கே கவனித்தேன்?

ஹலோ அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. தேர்வுக்கு ஐந்து நிமிடம் முன்பு, ஹெட்போனின் பஞ்சு கிழிந்து காதில் குத்துகிறது என்று இவள் சொல்லியிருக்கிறாள். “என்னோடத குடுங்கக்கா” என்று பக்கத்துப் பெண் தர, அக்கா அவசரத்தில் இரண்டு இருக்கைக்கும் நடுவிலிருந்த தடுப்புக்கு மேலாகவே இரண்டையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். பின்னால் ஒயர்களைப் பிடுங்கி மாற்றிச் செருகவில்லை. இவள் பேசியது பதினெட்டிலும் அவள் பேசியது பதினேழிலும் பதிவாகிவிட்டது. காலையில் முப்பது ஹலோ சொன்னவர், அதற்குப் பிறகு ஒரே ஒரு ஹலோ சொல்ல மறந்துவிட்டார். யானைக்கும் அடி சறுக்கும்.

அந்தப் பெண்ணை முகம் கழுவிவர அனுப்பிவிட்டு நான் குரலைத் தாழ்த்தினேன்.

“சாஃப்ட்வேர் கோளாறுன்னு சொல்லிடுங்க. அது என்ன, வாயைத் திறந்து இல்லைன்னு சொல்லப் போகுதா? உங்க ஃபைல் மேசையில இருக்கு.”

“சாஃப்ட்வேர்னு சொன்னா முப்பது பேர் மார்க் மேலயும் சந்தேகம் வரும் மேடம். எல்லாருக்கும் மறுபடி பரீட்சை வைப்பாங்க. மாறினது ரெண்டு ஹெட்போன். மாத்தினது நான்.”

துறைத்தலைவரிடம் போய் அதையே சொன்னார். மதிப்பெண்கள் இடம் மாறின. பதினெட்டாம் இருக்கைப் பெண்ணையும் தானே தேடிப் போய்ச் சொன்னார். “எண்பத்தெட்டுன்னதுமே எனக்கு டவுட்டுதான்கா” என்றாளாம் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நிரந்தர ஃபைல் அலமாரிக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டு பார்க்கலாமாம். நான் துறைத்தலைவர் அறையில் போட்ட சத்தம் மாடிப்படி வரை கேட்டது. பதினேழாம் இருக்கைப் பெண்ணும் கேட்டிருக்கிறாள்.

“கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல. விடுங்க மேடம்” என்றார் அக்கா. அவருக்கு வலிக்காமலா இருக்கும்? எனக்கே ஆறவில்லை.

மறுநாள் காலை நான் உள்ளே போனபோது அக்கா பதினாறாம் இருக்கையை முடித்திருந்தார். பதினேழில் அந்தப் பெண் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா வாயைத் திறப்பதற்குள் அவளே மைக்கில் பேசினாள்.

“ஹலோ, ஹலோ, இருக்கை பதினேழு. நான்தான்கா பேசுறேன்.”

அக்கா ஹெட்போனை வாங்கி, அந்தப் பதிவை ஒரு முறை கேட்டார். இன்னொரு முறையும் கேட்டார்.

“தெரியுதும்மா” என்று சொல்லிவிட்டுப் பதினெட்டுக்கு நகர்ந்தார்.